கொடியரும் கட்டாக்காலிகளும்

உலகத்தில் எத்தனையோ துறைமுகங்கள் இருக்கின்றன. நாயைப் பார்த்துக் கப்பல் நின்ற துறைமுகம் திருகோணமலை ஒன்றுதான். அதற்குக் காரணமானவர் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், குடியிருந்த கொடியர். கப்பல் என்றதும் யாரும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அது கடலுக்கு அக்கரையிலுள்ள மூதூருக்குப் போய்வரும் லாஞ்ச் என்ற மோட்டார்ப் படகு. நின்றதும் கால்மணி நேரம்தான். ஆனாலும் நின்றது நின்றதுதான்.

கொடியர் என்றால் கொடுமைக்காரர் என்றும் நினைத்துவிடாதீர்கள். கொடி தைத்ததால் வந்த பெயர் அது. வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை வைத்திருந்த காலத்தில், கப்பல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஏற்றும் சிக்னல் கொடிகளைத் தைப்பதுதான் அவருக்கு வேலை. ஒவ்வொரு கொடிக்கும் ஓர் அர்த்தம் உண்டு. வெள்ளைத் துணியில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டால் "எனக்கு உதவி வேண்டும்." மஞ்சளும் கறுப்பும் கட்டம் கட்டமாக வந்தால் "உடனே நில்." அவருக்கு இங்கிலீசில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வராது. ஆனால் இங்கிலீசில் தைப்பார்.

வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அந்த வேலையும் போய்விட்டது. கழித்துப்போட்ட கொடித்துணி இரண்டு சாக்கு நிறைய அவருக்குக் கிடைத்தது. சொந்தமாக ஒரு தையல் மெசின் இருந்தது. பெண்சாதி பிள்ளை கிடையாது. அதோடு நாய்கள் இருந்தன.

நான் அந்த ஒழுங்கைக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். யாழ்ப்பாணப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முதல் உத்தியோகத்துக்கு வந்த இருபத்துமூன்று வயதுக் கிளாக்கர். எந்தக் கந்தோர் என்று கேட்க வேண்டாம். பென்சன் இன்னும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஊரைச் சுத்தமாக வைத்திருப்பதும் அந்தக் கந்தோரின் வேலைகளில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கொடியர் வீட்டுக்கு எதிரே ஓர் அறை எடுத்திருந்தேன். முதல் நாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் ஏழு நாய்கள் படுத்திருந்தன. "அடிக்! அடிக்!" என்று விரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

எதிர் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "தம்பி, அதுகளுக்குத் தமிழ் விளங்காது."

"பின்ன என்ன பாசை விளங்கும்?"

"இங்கிலீசு. 'கோ ஹோம்' எண்டு சொல்லிப் பாரும்."

சொன்னேன். ஏழும் எழும்பி, சோம்பல் முறித்து, மரியாதையாக நடந்து கொடியர் வீட்டுக்குள் போய்விட்டன. நான் சொன்ன இங்கிலீசுக்கு யாராவது கீழ்ப்படிந்தது அதுதான் முதல் தடவை.

தளத்திலிருந்த துரைமார் குடும்பத்தோடு கப்பலேறியபோது நாய்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். அந்த நாய்களும், அவற்றின் குட்டிகளுமாக நான் வந்த காலத்தில் இருபத்துமூன்று இருந்தன. எல்லாவற்றுக்கும் கொடியர்தான் சமையல். துறையடியில் எறிகிற மீன்தலைகளைப் பொறுக்கி வந்து, குசினியில் ஒரு பெரிய பானையில் சோற்றோடு அவிப்பார். நாய்கள் தின்று முடித்த பிறகுதான் தான் சாப்பிடுவார்.

இந்த மனிதர் ஏன் இப்படிச் செய்கிறார் என்பதற்கு ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு விளக்கம் இருந்தது. மூளை பிசகிவிட்டது என்றார் கடைக்காரர். நாய்களுக்கு லண்டனிலிருந்து மாதாமாதம் பென்சன் வருகிறது, அதைக் கொடியர் அமுக்குகிறார் என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அந்த இரண்டாவது கதைதான் பிடித்திருந்தது. பிடித்ததால் கொஞ்சம் நம்பவும் செய்தேன்.

அந்த ஆண்டு ஊரின் மறுகோடியில் வெறி பிடித்த விசர்நாய் ஒன்று இரண்டு பேரைக் கடித்துவிட்டது. சனம் பயந்து போயிற்று. பயந்தது நியாயம்தான், அந்த நோயைக் கண்டவர்கள் யாரும் அதைப்பற்றி விளையாட்டாகப் பேசமாட்டார்கள். எங்கள் கந்தோரின் பெரிய ஐயா உடனே ஓர் அறிவித்தல் எழுதினார், இங்கிலீசில். தமிழாக்குவது என் பொறுப்பு. அலைகிற நாய், தெருநாய், உரிமையாளர் அற்ற நாய் என்று பல விதமாக எழுதி அடித்துவிட்டு, கடைசியில் எங்கள் ஊர்களில் எல்லாரும் சொல்லும் சொல்லையே போட்டேன்: "கட்டாக்காலி நாய்கள் திங்கட்கிழமை முதல் பிடித்து அழிக்கப்படும்." நறுக்கான தமிழ் என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. அழிக்கப்படும் என்று எழுதும்போது என் வாசலில் படுக்கிற ஏழு நாய்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. எழுத்து வேலையில் அப்படித்தான். சொல் சரியாக விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கந்தோர் பூட்டுகிற நேரம் கொடியர் வந்தார். சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இது ஆர் எழுதினது?"

"நான்தான் ஐயா."

"நல்ல தமிழ்."

புகழ்ந்தால் நான் உருகிவிடுவேன். இருக்கச் சொல்லிக் கதிரை காட்டினேன். அவர் இருக்கவில்லை.

"கட்டாக்காலி எண்டா என்ன தம்பி?"

"உங்களுக்குத் தெரியாதே ஐயா? கட்டாமல் திரியிறது. கட்டாக்காலி மாடு எண்டு சொல்லுறம்தானே."

"அப்ப கட்டின நாய்?"

"கட்டினா அது கட்டாக்காலி இல்லை."

"அதை எழுதித் தாரும்."

எனக்குப் பசி. கடையில் சோறு முடிந்துவிடும் என்ற அவசரம் வேறு. தன் நாய்களைக் கயிற்றில் கட்டி வைக்கப்போகிறார், அதற்கு ஓர் உறுதி கேட்கிறார் என்று நினைத்தேன். "கழுத்தில் கட்டு உள்ள நாய் கட்டாக்காலி அல்ல" என்று ஒரு வரி எழுதி, கையெழுத்து வைத்து, ரப்பர் முத்திரையும் குத்திக் கொடுத்தேன். கொடியர் அதை நாலாய் மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீர் நல்லா இருப்பீர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனியும் ஞாயிறும் எதிர்வீட்டில் மெசின் ஓடிய சத்தம் ஓயவில்லை. திங்கட்கிழமை காலை நாய் பிடிக்கிற வண்டி ஒழுங்கைக்குள் வந்தபோது இருபத்துமூன்று நாய்களும் வெளியே நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துணி முக்கோணமாக மடித்துக் கட்டப்பட்டிருந்தது. சும்மா துணி இல்லை. நாயின் குணம் பார்த்துத் தைத்த கொடி. கண் தெரியாத கிழட்டு நாய்க்கு மஞ்சளும் நீலமும் பட்டை பட்டையாக: "எனக்கு வழிகாட்டி வேண்டும்." வயிற்றில் குட்டியோடு அசைந்து அசைந்து நடந்த பெட்டைக்கு மஞ்சள், நடுவில் நீலம், பிறகும் மஞ்சள்: "விலகி நில், என்னால் இலகுவில் திரும்ப ஏலாது." எந்நேரமும் பசி என்று நின்ற ஒன்றுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. ஆளைக் கண்டால் பாய்கிறதுக்கு மஞ்சள் கறுப்புக் கட்டம்.

வண்டிக்காரர்களுக்குக் கொடியர் என் கடதாசியைக் காட்டினார். அவர்கள் முத்திரையைப் பார்த்தார்கள், நாய்களின் கழுத்தைப் பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள். வண்டி வெறுமையாகத் திரும்பிப் போயிற்று. நான் கதவிடுக்கால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வரத் துணிவில்லை.

இதோடு முடிந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். செவ்வாய்க்கிழமைதான் லாஞ்ச் நின்றது.

கொடியரின் நாய்களில் ஒன்று தினமும் துறைமேடையின் நுனியில் போய்க் குந்தியிருக்கும், மீன்தலைக்காக. வெறுங்காலோடு வருகிறவர்களின் குதிக்காலைக் கவ்வுவது அதற்குப் பழக்கம். ஆகையால் கொடியர் அதற்குச் சிவப்பும் வெள்ளையும் நாலு கட்டமாக வந்த கொடியைக் கட்டியிருந்தார். அதன் அர்த்தம், "நீ ஆபத்தை நோக்கி வருகிறாய்." மூதூர் லாஞ்சின் தண்டையல், அதாவது அதை ஓட்டுகிறவர், முன்பு தளத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். துறைமேடையில் அந்தக் கொடி தெரிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டார். லாஞ்ச் அலையில் கிடந்து ஆடத் தொடங்கியது.

தயிர்ச்சட்டிகளோடு வந்த மூதூர் முஸ்லிம் நானா ஒருவர் எழும்பிச் சத்தம் போட்டார். "என்னத்துக்கு நிப்பாட்டினீங்க?"

"சிக்னல் கிடக்கு. முன்னுக்குப் போனா ஆபத்தாம்."

"ஆரு சொன்ன?"

"அந்தா."

"அது நாயெல்லோ!"

"நாயெண்டாலும் சிக்னல் சிக்னல்தான்," என்றார் தண்டையல்.

கால்மணி நேரம் கழித்து நாய் தானாக எழும்பிப் போன பிறகுதான் லாஞ்ச் கரைக்கு வந்தது. அதற்கிடையில் ஓர் ஆட்டத்தில் தயிர்ச்சட்டி ஒன்று கவிழ்ந்து, பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக் காற்சட்டையின்மேல் முழுவதும் ஊற்றிவிட்டது. காற்சட்டைக்குள் இருந்தவர், மூதூர்க் கிளையைப் பார்வையிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் பெரிய ஐயா.

புதன்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. "தங்கள் அறிவித்தலின்படி என் நாய்கள் எல்லாவற்றுக்கும் கட்டுக் கட்டியிருக்கிறேன். தங்கள் கிளாக்கரின் எழுத்து என் கையில் உள்ளது. இப்படிக்கு, கொடியர்." நன்றி சொல்லி எழுதியதாகக் கொடியருக்கு நினைப்பு. பெரிய ஐயா ஊருக்குப் புதியவர்.

"இது என்ன? மிரட்டல் கடிதமோ? தான் கொடியவன் எண்டு தானே கையெழுத்து வைக்கிறான்!"

"இல்லை ஐயா, அது அவரின்ரை பட்டப்பெயர்..."

"அதை விடும். அப்பிடி ஒரு எழுத்து நீர் குடுத்தனீரோ?"

நான் கடிதத்தையே திரும்பவும் வாசித்தேன்.

"கேளும். அப்பிடி ஒரு கடதாசி இருந்தா உமக்கு இஞ்ச வேலை இல்லை. வேலை நிரந்தரமாக முந்திக் கந்தோர் முத்திரையோட விளையாடின ஆளை நான் வைச்சிருக்கேலாது. கடதாசி இல்லையெண்டா வெள்ளிக்கிழமை நாய் பிடிக்க வண்டி திரும்பவும் போகும். நாளைக்குக் காலமை வந்து ஒரு வசனத்தில சொல்லும், இருக்கோ இல்லையோ."

கந்தோர் விட்டு நேரே கொடியர் வீட்டுக்குப் போனேன். ஊரில் எனக்குக் கீழே மூன்று தங்கைகள். என் சம்பளத்தை எதிர்பார்த்து ஒரு வீடு. இதையெல்லாம் சொல்லி வாதாட வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டு போனேன். கொடியர் மெசினடியில் இருந்தார். சுற்றிவர நாய்கள் கழுத்துத்துணிகளோடு படுத்திருந்தன.

"ஐயா, அந்தக் கடதாசியைத் தாங்கோ. இல்லாட்டி என்ரை வேலை போயிடும்."

பாடமாக்கியதில் மிச்சம் ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் எழும்பி அலுமாரியைத் திறந்து கடதாசியை எடுத்து என் கையில் தந்தார்.

"வேலை போனா என்ன நடக்கும் தெரியுமே தம்பி?" என்றார். "விடியக் குளிச்சு, உடுப்பு மாத்தி, வெளிக்கிட்டுத் தளத்து கேற்றடிக்குப் போனனான். அங்க போனாப் பிறகுதான் வேலை இல்லையெண்ட நினைப்பு வந்தது. மூண்டு நாள் அப்பிடிப் போனனான். காலுக்குத் தெரியேல்லை, என்ன செய்யிறது?"

பக்கத்தில் கிடந்த நாயின் கழுத்துத்துணியைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

"மூண்டு நாளும் கேற்றடியில இதுகள் நிண்டது. துரைமார் வருவினம் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டது. மூண்டாம் நாள் நான் திரும்பேக்க எனக்குப் பின்னால வந்திட்டுது. இதுகளும் நானும் ஒரே நாளில வேலை போன ஆக்கள். அவ்வளவுதான் கதை." மெசினில் கிடந்த துணியை மடித்து வைத்தார். "நீர் சின்னப் பெடியன். உமக்கு அது வரக்கூடாது. கொண்டு போம்."

அவர் என்னோடு சண்டை பிடித்திருக்கலாம். ஏசியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் கடதாசியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். அறைக்கு வந்து கிழிக்கப் பார்த்தேன், கை வரவில்லை. லண்டன் பென்சன் கதையை நானும் நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்தவன் என்பது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பெரிய ஐயாவின் மேசையில் அந்தக் கடதாசியை விரித்து வைத்தேன்.

"இருக்குது ஐயா. நான்தான் எழுதினனான். தமிழும் சரிதான்."

"என்ன சரி? கட்டு எண்டாக் கயிறு! துணியோ?"

வாய் எப்படியோ திறந்துகொண்டது. "காயத்துக்குத் துணியாலதான் ஐயா கட்டுறம். அதையும் கட்டு எண்டுதான் சொல்லுறம். ஆசுப்பத்திரியில கட்டுப் போட்ட ஆளைக் கயித்தால கட்டியிருக்கு எண்டு ஆரும் சொல்லுறேல்லை. தாலி கட்டுறதும்..."

"தாலியும் கயிறுதான் ஓய்!" என்று பெரிய ஐயா மேசையில் அடித்தார்.

வெளியே இருந்த கிளாக்கர்மார் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பெரிய ஐயா முகத்தை இறுக்கித்தான் வைத்திருந்தார். ஆனால் மீசை துடித்தது. கடைசியில் அவராலும் முடியவில்லை. ஒரு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மனிதரால் அதற்குமேல் ஆளைத் துரத்த முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். மூன்று மாத அவகாசம். அதற்குள் ஒவ்வொரு நாய்க்கும் விசர்நாய் ஊசி போட்டு, உரிமையாளர் பெயரில் லைசன்சும் எடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு நாய்க்குமேல் கிடையாது. தவறினால் வண்டி வரும். எனக்குத் தண்டனையாக அடுத்த கிழமையே மூதூர்க் கிளைக்கு மாற்றம்.

ஒழுங்கைக்காரர்களைக் கொடியர் மடக்கிவிட்டார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். மூளை பிசகிவிட்டது என்ற கடைக்காரர் தன் பெயரில் இரண்டு நாய் எடுத்தார். என் பழைய வீட்டுக்காரரும் இரண்டு. சிவப்பு வெள்ளைக் கொடி கட்டிய நாயை லாஞ்ச் தண்டையல் கேட்டு வாங்கினார். ஊசிக்கும் லைசன்சுக்கும் கொடியர் மிச்சத் துணியில் மனிதருக்கான கழுத்துத்துணிகளைத் தைத்து விற்றார். நாய் கட்டுகிறதை நாங்கள் கட்டுவதோ என்று முதலில் முகம் சுழித்தவர்கள், தண்டையல் ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு வரவும் தாங்களும் வாங்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் துறையடியில் மூட்டை சுமக்கிறவர்கள் எல்லாருடைய கழுத்திலும் ஒரு சிக்னல் பறந்தது. பசியோடு திரிகிறவனின் கழுத்தில் "உடனே நில்" என்றிருக்கும். வாங்கியவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியாது, கொடியரும் சொல்லவில்லை.

மூதூரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. கிளை என்பது ஒரு மேசை, ஓர் அலுமாரி, கடலைப் பார்த்த ஒரு யன்னல். நாளுக்கு நாலு பேர் வந்தால் பெரிய காரியம். முதல் கிழமை முடிவதற்குள் ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்றாகிவிட்டது.

இரண்டாம் கிழமை செவ்வாய்க்கிழமை லாஞ்சில் கொடியர் வந்து இறங்கினார். கையில் ஒரு லைசன்ஸ் படிவம்.

"இதை நிரப்பித் தாரும் தம்பி. உம்மட தமிழ்தான் நல்லது."

படிவத்தில் ஆறு வரிதான் உண்டு. நாயின் நிறம், வயது, பெயர், உரிமையாளர் பெயர் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் நிரப்பிக் கொடுத்தேன். அவர் கொண்டு வந்த பொரித்த மீனையும் சோற்றையும் இரண்டு பேரும் சாப்பிட்டோம். பின்னேர லாஞ்சில் திரும்பிப் போனார். வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார், அடுத்த நாயின் படிவத்தோடு.

இப்படிக் கிழமைக்கு இரண்டு தரம், ஒரு முறைக்கு ஒரு நாய். இருபத்துமூன்று படிவங்களையும் ஒரே நாளில் கட்டாகக் கொண்டு வந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் எழுதித் தந்திருப்பேன். அவருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நிறம் என்ற இடத்தில் "மண்ணிறம்" என்று போடுவதா "செம்மண்ணிறம்" என்று போடுவதா என்று அரைமணி நேரம் பேசியிருக்கிறோம்.

மூன்று மாதம் முடிகிற கிழமையில் இருபத்துமூன்றாவது படிவமும் முடிந்தது. ஒரு நாயும் வண்டியில் ஏறவில்லை. அன்று அவர் லாஞ்சில் ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சந்தோசமாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லாஞ்ச் வந்த சத்தம் கேட்டும் நான் எழும்பவில்லை. யாரோ மேசைக்கு முன்னால் வந்து நிற்பது தெரிந்து நிமிர்ந்தால், கொடியர். கையில் படிவம் இல்லை.

"என்ன ஐயா, ஏதும் பிழையோ? படிவம் திரும்பி வந்திட்டுதோ?"

"இல்லைத் தம்பி. எல்லாம் சரி."

"அப்ப புதுக் குட்டி ஏதும்?"

"ஒண்டும் இல்லை," என்றார். "சும்மா வந்தனான்."

அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். நானும் ஒரு பெரிய ஐயாவாகி, ஏதோ ஒரு காரியத்தோடு வந்த ஆயிரம் பேருக்குக் கதிரை காட்டியிருக்கிறேன். கடல் கடந்து எனக்காகச் சும்மா வந்த மனிதர் அவர் ஒருவர்தான்.